நியூயார்க்குக்கு 89 பேர் குறைந்தார்கள்: அமெரிக்கத் தேர்வாளர் வாக்குகள் மாநிலங்களுக்கு எப்படிப் பிரிகின்றன?

மதுரைக்காரி | சனி, காலை 9:14

2024 அமெரிக்கத் தேர்தல் முடிவுகளைப் பார்த்ததிலிருந்து இந்தக் கேள்வி மனசிலேயே கிடக்கு. ஜனாதிபதியை மாநிலவாரியாகத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களின் வாக்கில் டிரம்புக்கு 312, ஹாரிஸுக்கு 226, மொத்தம் 538. அதில் கலிபோர்னியாவுக்கு 54, டெக்சாஸுக்கு 40, வயோமிங்குக்கு 3. இந்த எண்களை யார் வைக்கிறது? நம்ம ஊர் மாதிரி தேர்தல் ஆணையமா, அந்த நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸா, நீதிமன்றமா? மக்கள்தொகைப்படி என்றால் வயோமிங்குக்கு ஒன்றே ஒன்றுதான் வர வேண்டும். எப்படி மூன்று வந்தது? தெரிந்தவர்கள் அடியிலிருந்து சொல்லுங்கள், அவசரமில்லை.

கணக்கன் | சனி, காலை 10:02

எந்த ஆணையமும் வைப்பதில்லைம்மா. விதி அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. ஒரு மாநிலத்துக்கு காங்கிரஸில் எத்தனை செனட்டர்கள், எத்தனை பிரதிநிதிகள் இருக்கிறார்களோ, இரண்டையும் கூட்டினால் வருவதுதான் அந்த மாநிலத்தின் தேர்வாளர் எண்ணிக்கை.

செனட்டர்கள் எல்லா மாநிலத்துக்கும் இரண்டு பேர். 50 மாநிலத்துக்கு 100. பிரதிநிதிகள் சபையில் 435 இடங்கள். அவை மக்கள்தொகைப்படி பிரியும். ஆனால் எவ்வளவு சிறிய மாநிலமானாலும் ஒரு இடம் உண்டு என்பது உத்தரவாதம். ஆக, 2 + 1 = 3 என்பது தரைமட்டம். அதற்குக் கீழே யாரும் போக முடியாது. இப்போது அந்தத் தரைமட்டத்தில் இருப்பவை அலாஸ்கா, டெலவேர், வடக்கு டகோட்டா, தெற்கு டகோட்டா, வெர்மான்ட், வயோமிங். தலைநகர் வாஷிங்டன் டி.சி. மாநிலம் அல்ல. 1961-இல் வந்த 23-ஆவது திருத்தம் அதற்கும் தேர்வாளர்களைக் கொடுத்தது, ஆனால் மிகச் சிறிய மாநிலத்துக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்போடு. அதனால் அதற்கும் 3. 435 + 100 + 3 = 538.

100-உம் 3-உம் அசையாதவை. ஆகவே நீங்கள் கேட்ட கேள்வி உண்மையில் இதுதான்: அந்த 435 இடங்கள் எப்படிப் பிரிகின்றன? பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் கணக்குப் போடுவார்கள். 2020 கணக்கெடுப்பின் முடிவு 2021 ஏப்ரல் 26 அன்று வெளியானது. டெக்சாஸுக்கு இரண்டு இடம் கூடியது. ஃபுளோரிடா, வடக்கு கரோலினா, கொலராடோ, மொன்டானா, ஓரிகன் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. கலிபோர்னியா, நியூயார்க், இல்லினாய், மிச்சிகன், ஒஹாயோ, பென்சில்வேனியா, மேற்கு வர்ஜீனியா ஒவ்வொன்றை இழந்தன. கலிபோர்னியா தன் வரலாற்றிலேயே முதல்முறையாக ஒரு இடத்தை இழந்தது அப்போதுதான்.

செந்தூரான் | சனி, காலை 10:40

கணக்கன் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். வயோமிங்குக்கு மூன்று கொடுத்தது அநியாயம் என்று ஆரம்பத்திலேயே முடிவு கட்ட வேண்டாம். 1787-இல் அரசியல் சட்டத்தை எழுதப் பிலடெல்பியாவில் கூடியவர்கள் ஒரே நாட்டின் மாவட்டங்களிலிருந்து வரவில்லை, தனித்தனி அரசுகளிலிருந்து வந்தார்கள். டெலவேர் போன்ற சிறிய அரசுகள் செனட்டில் சம இடம் இல்லையென்றால் ஒன்றியமே வேண்டாம் என்று நின்றன. அந்த உடன்பாட்டின் நிழல்தான் தேர்வாளர் எண்ணிக்கையில் விழுகிறது. ஜனாதிபதி ஒன்றியத்தின் தலைவர். ஒன்றியத்தில் மக்களும் உறுப்பு, மாநிலங்களும் உறுப்பு. இரண்டையும் சேர்த்து எண்ணுவதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

மதுரைக்காரி | சனி, காலை 11:05

நன்றி அண்ணா, நன்றி ஐயா. ஆனால் ஒன்று புரியல. 435-ஐ மக்கள்தொகைப்படி பிரித்தால் பின்னம் வருமே? ஒரு மாநிலத்துக்கு 7.4, இன்னொன்றுக்கு 1.4 என்று வந்தால் யாருக்கு மேலே ஏற்றுவது, யாருக்குக் கீழே இறக்குவது? தலைப்பில் 89 பேர் என்று போட்டேன், அது எங்கோ படித்தது. அது என்ன கதை?

கணக்கன் | சனி, மதியம் 12:31

சரியான இடத்தில் கைவைத்தீர்கள். 230 வருடச் சண்டை இந்தப் பின்னத்தில்தான் நடந்தது.

இப்போது நடப்பில் உள்ள முறைக்கு ஹன்டிங்டன்-ஹில் முறை என்று பெயர். 1941 முதல் சட்டம். ஏலம் போல நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் 50 மாநிலத்துக்கும் ஆளுக்கொரு இடம் கொடுத்துவிடுகிறார்கள். மீதி 385 இடங்கள் ஒவ்வொன்றாக ஏலத்துக்கு வருகின்றன. ஒவ்வொரு மாநிலமும் கேட்கும் விலை இப்படி: தன் மக்கள்தொகையை, இப்போது கையில் உள்ள இடத்தையும் அடுத்த இடத்தையும் பெருக்கி வரும் எண்ணின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். ஒரு இடம் வைத்திருப்பவர் இரண்டாவதைக் கேட்டால் 1 × 2 = 2, அதன் வர்க்கமூலம் 1.414. இரண்டு வைத்திருப்பவர் மூன்றாவதைக் கேட்டால் 6-இன் வர்க்கமூலம் 2.449. எண் பெரிதாக இருப்பவருக்கு இடம். இடம் கிடைத்ததும் அவருடைய அடுத்த விலை தானாகவே குறைந்துவிடும்.

2020 கணக்கில் 51-ஆவது இடம் கலிபோர்னியாவுக்குப் போகிறது, 52-ஆவது டெக்சாஸுக்கு, 53-ஆவது மறுபடி கலிபோர்னியாவுக்கு, 54 ஃபுளோரிடாவுக்கு, 55 நியூயார்க்குக்கு. இப்படியே போய் 435-இல் நிற்கும்.

கடைசி இடத்துக்குப் போட்டியிட்டவர்கள் மினசோட்டாவும் நியூயார்க்கும். மினசோட்டாவின் மக்கள்தொகை 57,09,752. அது எட்டாவது இடத்தைக் கேட்கிறது. 7 × 8 = 56, வர்க்கமூலம் 7.4833. வகுத்தால் 7,62,997.7. நியூயார்க் 2,02,15,751. அது 27-ஆவது இடத்தைக் கேட்கிறது. 26 × 27 = 702, வர்க்கமூலம் 26.4953. வகுத்தால் 7,62,994.4. மூன்று புள்ளி சொச்சம் வித்தியாசம். மினசோட்டாவுக்கு இடம் போனது. அந்த வித்தியாசத்தை ஆள்கணக்காக மாற்றினால், நியூயார்க்கில் இன்னும் 89 பேர் எண்ணப்பட்டிருந்தால் போதும், மற்ற மாநிலங்கள் அப்படியே இருக்க, இடம் நியூயார்க்குக்குத்தான். இரண்டு கோடிப் பேர் வாழும் மாநிலத்தில் 89 பேர் என்பது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்கே காணாது. 2024, 2028 இரண்டு ஜனாதிபதித் தேர்தலிலும் நியூயார்க்குக்கு ஒரு தேர்வாளர் வாக்கு குறைவது இதனால்தான்.

இன்னொரு ஜோடியையும் பாருங்கள். மொன்டானாவில் 10,85,407 பேர், டெலவேரில் 9,90,837 பேர். வித்தியாசம் ஒரு லட்சம்கூட இல்லை. மொன்டானாவுக்கு இரண்டு பிரதிநிதி, டெலவேருக்கு ஒன்று. மொன்டானாவில் 5.4 லட்சம் பேருக்கு ஒருவர், டெலவேரில் 9.9 லட்சம் பேருக்கு ஒருவர். நாட்டுச் சராசரி 7,61,169. என் கணக்குப்படி மொன்டானாவில் ஏறத்தாழ 6,400 பேர் குறைந்திருந்தால் அந்த இரண்டாவது இடமே கிடைத்திருக்காது.

பிளேனோவாசி | சனி, மதியம் 1:10

டெக்சாஸிலிருந்து எழுதுகிறேன். 2020-இல் நான் எச்-1பி விசாவில் இருந்தேன், இப்பவும் அப்படித்தான், கிரீன் கார்டு வரிசை நகரவே இல்லை. ஆனால் கணக்கெடுப்புப் படிவத்தை நாங்கள் நாலு பேரும் நிரப்பி அனுப்பினோம். எங்களையும் சேர்த்தா டெக்சாஸுக்கு 40 வந்தது? எங்கள் குடியிருப்பில் தமிழும் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் நிறைய. பெரும்பாலோருக்கு வாக்கு கிடையாது.

பூங்கோதை | சனி, மதியம் 2:26

ஆமாம் அண்ணா, உங்களையும் சேர்த்துத்தான். 14-ஆவது திருத்தம் ஒவ்வொரு மாநிலத்திலும் உள்ள மொத்த ஆட்களை எண்ணச் சொல்கிறது. குடிமக்களையோ வாக்காளர்களையோ மட்டும் எண்ணச் சொல்லவில்லை. எச்-1பி, மாணவர் விசா, கிரீன் கார்டு, ஆவணம் இல்லாதவர்கள், குழந்தைகள், சிறையில் இருப்பவர்கள் எல்லோரும் அடக்கம். கணக்கெடுப்பு நாளன்று வழக்கமாக எங்கே வசிக்கிறீர்களோ அந்த மாநிலத்தின் கணக்கில் நீங்கள் ஓர் ஆள். முழு ஆள்.

"முழு ஆள்" என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1787-இன் மூல வாசகத்தில் அடிமைகளை ஐந்தில் மூன்று ஆளாக எண்ணினார்கள். செந்தூரான் ஐயா சிறிய அரசுகளைப் பற்றி மட்டும் சொன்னார். பிலடெல்பியா மாநாட்டில் ஜனாதிபதியை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்ற யோசனையும் வந்தது. ஜூலை 19 அன்று வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மாடிசன் எழுந்து பேசியது பதிவாகியிருக்கிறது. மக்கள் தேர்தல்தான் பொருத்தம், ஆனால் வாக்குரிமை வடக்கில் பரவலாக இருக்கிறது, தெற்கு தன் கறுப்பின மக்களின் கணக்கில் எந்தச் செல்வாக்கும் பெற முடியாது, தேர்வாளர் முறை அந்தச் சிக்கலைத் தவிர்க்கும் என்பது அதன் சாரம்.

விளைவை எண்ணிலேயே காட்டலாம். 1790 கணக்கெடுப்பில் வர்ஜீனியாவின் மொத்த மக்கள்தொகை 7,47,610. அதில் அடிமைகள் 2,92,627. சுதந்திர மக்கள் சுமார் 4.55 லட்சம். பென்சில்வேனியாவில் சுதந்திர மக்கள் சுமார் 4.3 லட்சம். ஏறக்குறைய சமம். ஆனால் 1800 தேர்தலில் வர்ஜீனியாவுக்கு 21 தேர்வாளர்கள், பென்சில்வேனியாவுக்கு 15. அந்த ஆறும் வாக்களிக்கவே முடியாத, விலைக்கு விற்கப்பட்ட மனிதர்களின் தலைகளை எண்ணி அவர்களுடைய எஜமானர்களுக்குக் கொடுத்தது. அந்தத் தேர்தலில் ஜெபர்சன் 73, ஆடம்ஸ் 65. முதல் 36 ஆண்டுகளில் 32 ஆண்டுகள் வர்ஜீனியாக்காரர்களே ஜனாதிபதி.

உள்நாட்டுப் போருக்குப் பிறகு நடந்தது இதைவிடக் கொடுமை. அடிமை முறை போய் எல்லோரும் முழு ஆளானதும் தெற்கு மாநிலங்களின் கணக்கு கூடியது. ஆனால் கறுப்பின மக்களின் வாக்கை வரியாலும் எழுத்தறிவுத் தேர்வாலும் வன்முறையாலும் பறித்தார்கள். வாக்குரிமையை மறுக்கும் மாநிலத்தின் பிரதிநிதித்துவத்தைக் குறைக்க வேண்டும் என்று அதே 14-ஆவது திருத்தத்தின் இரண்டாம் பிரிவு சொல்கிறது. அது ஒருமுறைகூட நடைமுறைப்படுத்தப்படவில்லை. ஐந்தில் மூன்று போய் ஐந்தில் ஐந்து வந்தது, வாக்கு மட்டும் வரவில்லை.

செந்தூரான் | சனி, மாலை 3:15

பூங்கோதை, நீங்கள் சொன்ன வரலாற்றை நான் மறுக்கவில்லை. அதன் பாரம் மறக்கக்கூடியதும் இல்லை. ஆனால் பிறப்பில் இருந்த குற்றத்துக்காக இன்றைய அமைப்பைத் தூக்கி எறிய முடியுமா? இன்று அடிமை முறை இல்லை, 1965-இன் வாக்குரிமைச் சட்டம் வந்துவிட்டது. இப்போதைய கேள்வி சிறிய மாநிலங்களுக்குக் கூடுதல் எடை தரலாமா என்பதுதான். வயோமிங்கில் 1.9 லட்சம் பேருக்கு ஒரு தேர்வாளர், கலிபோர்னியாவில் 7.3 லட்சம் பேருக்கு ஒருவர். ஏறத்தாழ நாலு மடங்கு. எண் பார்க்கப் பெரியது. ஆனால் வயோமிங்கின் மூன்று வாக்கை வைத்து யாராவது தேர்தலில் ஜெயித்திருக்கிறார்களா?

கணக்கன் | சனி, மாலை 5:48

அதைச் சரிபார்த்தே விடலாம் ஐயா. மாநிலத்துக்கு இரண்டு என்ற செனட் வாக்குகளை நீக்கிவிட்டுக் கூட்டிப் பார்ப்போம்.

2000. புஷ் 30 மாநிலங்களை வென்று 271. கோர் 20 மாநிலமும் டி.சி.யும் சேர்த்து 267. டி.சி. தேர்வாளர் ஒருவர் வெற்று வாக்கு அளித்ததால் பதிவானது 266. செனட் வாக்குகளை எடுத்தால் புஷ் 271 − 60 = 211. கோர் 267 − 42 = 225. கோர் ஜனாதிபதி. ஃபுளோரிடாவை புஷ் வென்ற 537 வாக்கு வித்தியாசம், மறு எண்ணிக்கை, உச்ச நீதிமன்றம் எதுவும் தேவைப்பட்டிருக்காது. நாடு முழுவதும் கோருக்கு 5.4 லட்சம் வாக்கு அதிகம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆக, ஆம், சிறிய மாநிலங்களின் கூடுதல் எடை ஒரு தேர்தலைத் தீர்மானித்திருக்கிறது. எங்கள் தலைமுறை கண்ணால் பார்த்த தேர்தல் அது.

2016. டிரம்ப் வென்ற தேர்வாளர்கள் 306, கிளின்டன் 232. பிறகு சில தேர்வாளர்கள் மாற்றிப் போட்டது தனி. இதில் டிரம்ப் 306 − 60 = 246, கிளின்டன் 232 − 42 = 190. டிரம்ப்தான். கிளின்டனுக்கு நாடு முழுவதும் 28 லட்சத்துக்கும் மேல் வாக்கு அதிகம் இருந்தும், செனட் வாக்குகளை எடுத்தாலும் முடிவு மாறவில்லை.

ஆகவே செந்தூரான் ஐயாவின் கேள்விக்கு என் பதில் இது. வயோமிங்கின் மூன்று வாக்கு உறுத்தும். எனக்கும் உறுத்துகிறது. ஆனால் வாக்கு எண்ணிக்கையும் வெற்றியும் பிரிந்துபோவதற்கு அதைவிடப் பெரிய காரணம் வேறு இருக்கிறது.

மதுரைக்காரி | சனி, மாலை 6:20

எது அண்ணா அது?

கணக்கன் | சனி, மாலை 6:57

மாநிலத்தில் ஒரு வாக்கு அதிகம் வாங்கினாலும் அங்குள்ள எல்லாத் தேர்வாளர்களும் அவருக்கே என்ற விதி. 48 மாநிலங்களிலும் டி.சி.யிலும் அதுதான். 2024-இல் கலிபோர்னியாவில் டிரம்புக்கு 60 லட்சம் பேர் வாக்களித்தார்கள். தேர்வாளர் பூஜ்யம். டெக்சாஸில் ஹாரிஸுக்கு 48 லட்சம். அதுவும் பூஜ்யம். 2016-இல் விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து ஏறத்தாழ 78 ஆயிரம் வாக்கு வித்தியாசம், 46 தேர்வாளர்கள் அப்படியே ஒரு பக்கம் சாய்ந்தார்கள்.

பூங்கோதை | சனி, இரவு 8:03

இந்த விதி அரசியல் சட்டத்தில் இல்லை என்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தேர்வாளர்களை எப்படி நியமிப்பது என்பதை மாநிலச் சட்டமன்றம் தீர்மானிக்கட்டும் என்றுதான் அங்கே இருக்கிறது. ஆரம்பத்தில் சில மாநிலங்கள் மாவட்டவாரியாகத் தேர்ந்தெடுத்தன, சிலவற்றில் சட்டமன்றமே தேர்ந்தெடுத்தது.

1796-இல் ஆடம்ஸ் 71, ஜெபர்சன் 68. வித்தியாசம் மூன்று. ஜெபர்சனின் சொந்த வர்ஜீனியாவிலேயே மாவட்ட முறையால் ஒரு தேர்வாளர் ஆடம்ஸ் பக்கம் போனார், வடக்கு கரோலினாவிலும் ஒருவர். 1800 வருவதற்குள் வர்ஜீனியா சட்டத்தை மாற்றி எல்லாம் ஒருவருக்கே என்று ஆக்கியது. ஆடம்ஸின் மாசசூசெட்ஸும் சும்மா இருக்கவில்லை, சட்டமன்றமே தேர்வாளர்களை நியமிக்கும் என்று மாற்றிக்கொண்டது. ஒருவர் மாற்றினால் எதிராளி மாற்றாமல் இருக்க முடியாது. தன் வீட்டு வாக்கைப் பிரித்துக் கொடுத்துவிட்டு அடுத்தவர் மொத்தமாக அள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கு மனசு வரும்? 1836-க்குள் தெற்கு கரோலினா தவிர எல்லா மாநிலமும் இதற்கு வந்துவிட்டது. மாடிசனே பிற்காலத்தில், 1823-இல், மாவட்ட முறைக்குத் திரும்ப வேண்டும் என்று கடிதம் எழுதினார். நடக்கவில்லை.

இன்று விதிவிலக்கு மெய்னும் நெப்ராஸ்காவும் மட்டும். மாநில அளவில் வென்றவருக்கு இரண்டு, ஒவ்வொரு தொகுதியிலும் வென்றவருக்கு ஒன்று. மெய்னில் 1972 தேர்தலிலிருந்து, நெப்ராஸ்காவில் 1992-இலிருந்து. நெப்ராஸ்காவின் ஒமாஹா தொகுதி 2008-இல் ஒபாமாவுக்கும் 2020-இல் பைடனுக்கும் 2024-இல் ஹாரிஸுக்கும் ஒரு வாக்கைக் கொடுத்தது.

கடலோரன் | சனி, இரவு 9:12

அப்படியென்றால் எல்லா மாநிலமும் மெய்ன் மாதிரி மாறினால் தீர்ந்ததா?

கணக்கன் | சனி, இரவு 9:30

தீராது. தொகுதி எல்லையை வரைவது பெரும்பாலான மாநிலங்களில் ஆளும் கட்சியின் கையில் இருக்கிறது. எல்லையை வளைத்து வளைத்து வரைவது பிரதிநிதிகள் சபையோடு நிற்காமல் ஜனாதிபதித் தேர்தலுக்குள்ளும் வந்துவிடும்.

விழுப்புரத்தான் | ஞாயிறு, காலை 7:45

இந்த இழையைப் படிக்கும்போது நமக்கு வேறு நினைவு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. மக்களவைத் தொகுதிகள் 1971 கணக்கெடுப்பின்படி மாநிலங்களுக்கிடையே உறைந்து நிற்கின்றன. நமக்கு 39. குடியரசுத் தலைவர் தேர்தலில்கூட எம்.எல்.ஏ. வாக்கின் மதிப்பு 1971 மக்கள்தொகையை வைத்துத்தான். தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வுக்கு 176, சிக்கிம் எம்.எல்.ஏ.வுக்கு 7. அமெரிக்காவில் இப்படி உறைய வைக்கும் ஏற்பாடு எதுவும் இல்லையா? இழப்பவர்கள் சண்டை போடுவதில்லையா?

பூங்கோதை | ஞாயிறு, காலை 9:20

போட்டார்கள் அண்ணா. ஒருமுறை பத்து வருடத்துக்கு உறையவே வைத்தார்கள்.

அதுவரை கணக்கெடுப்புக்குக் கணக்கெடுப்பு சபையைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள், எந்த மாநிலத்துக்கும் பெரிய இழப்பு வராமல் இருக்க. 1911 சட்டம் 433 என்று வைத்தது. அரிசோனாவும் நியூ மெக்சிகோவும் சேர்ந்ததும் 435. பிறகு 1920 கணக்கெடுப்பு வந்தது. நாட்டின் வரலாற்றில் முதல்முறையாக நகரங்களில் வாழ்பவர்கள் பாதிக்கு மேல். கிராமப்புற மாநிலங்களின் உறுப்பினர்கள் இடங்களை விட்டுக்கொடுக்க மறுத்தார்கள். நகரங்களில் குவிந்திருந்த குடியேறிகள் மீதான வெறுப்பும் அதில் கலந்திருந்தது. பத்தாண்டுக்கு ஒருமுறை பிரிக்க வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்லியும் அந்தப் பத்தாண்டில் பிரிக்கவே இல்லை. 1924, 1928 ஜனாதிபதித் தேர்தல்கள் இரண்டும் 1910-இன் மக்கள்தொகையை வைத்து நடந்தன. கடைசியில் 1929-இல் ஒரு சட்டம் வந்து 435-ஐயே நிரந்தரமாக்கியது. இனிப் பிரிப்பது தானாகவே நடக்கும், காங்கிரஸ் வாக்கெடுப்பு தேவையில்லை என்றும் ஆக்கியது. 1932-இல் கலிபோர்னியாவின் தேர்வாளர்கள் 13-இலிருந்து 22-க்குத் தாவினார்கள். இருபது வருட வளர்ச்சி ஒரே நாளில் கணக்கில் ஏறியது.

அன்றிலிருந்து ஒருவர் பெறுவது இன்னொருவர் இழப்பதுதான். நியூயார்க்கின் தேர்வாளர்கள் 1932-இல் 47, இப்போது 28. இடையில் அதன் மக்கள்தொகை ஒன்றேகால் கோடியிலிருந்து இரண்டு கோடிக்கு ஏறியிருக்கிறது. ஆள் கூடியும் இடம் குறைந்ததற்குக் காரணம், மற்ற மாநிலங்கள் அதைவிட வேகமாக வளர்ந்ததுதான். பிறப்பு விகிதத்தைக் குறைத்ததற்குத் தண்டனையா என்று நாம் கேட்கிற கேள்வி அங்கே இந்த வடிவில் எழுவதில்லை. மக்கள் மாநிலம் விட்டு மாநிலம் நகர்வதும் வெளிநாட்டிலிருந்து வருவதும்தான் அங்கே பெரிதாகப் பேசப்படுகிறது. ஆகவே ஒப்பிடும்போது கவனமாக ஒப்பிட வேண்டும்.

கணக்கன் | ஞாயிறு, காலை 10:15

இந்த 435-தான் என் நெஞ்சில் தைத்த முள். நூறு வருடமாக அதே எண். 1911 காலத்தில் ஏறத்தாழ 2.1 லட்சம் பேருக்கு ஒரு பிரதிநிதி, இன்று 7.6 லட்சம் பேருக்கு ஒருவர். சபை சிறிதாக இருக்க இருக்க, மாநிலத்துக்கு இரண்டு என்ற செனட் வாக்குகளின் பங்கு பெரிதாகிறது. 538-இல் 100 என்பது கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று. மிகச் சிறிய மாநிலமான வயோமிங்கின் மக்கள்தொகையை ஒரு அலகாக வைத்துப் பிரித்தால் சபையில் ஏறத்தாழ 573 இடங்கள் வரும். இதற்கு அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியதே இல்லை. சாதாரணச் சட்டம் போதும். செனட்டில் சம இடத்தை மாநிலத்தின் சம்மதமின்றி எந்தத் திருத்தத்தாலும் பறிக்க முடியாது. 435 அப்படியல்ல, அது வெறும் சட்டம். மாற்றக்கூடிய இடத்தை விட்டுவிட்டு மாற்ற முடியாத இடத்தில் தலையை மோதிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் என் வருத்தம்.

இதில் கணிதம் என்ற பெயரில் அரசியலும் நடந்திருக்கிறது. 1792-இல் இடங்களைப் பிரிக்க நிதிச் செயலர் ஹாமில்டன் ஒரு வழிமுறை சொன்னார், ஜெபர்சன் வேறொன்று சொன்னார். காங்கிரஸ் நிறைவேற்றிய மசோதாவை வாஷிங்டன் திருப்பி அனுப்பினார். அமெரிக்க வரலாற்றில் ஜனாதிபதியின் முதல் வீட்டோ அதுதான். அதற்குப் பிறகு வந்த ஜெபர்சன் முறை பெரிய மாநிலங்களுக்கு, குறிப்பாக வர்ஜீனியாவுக்கு, சாதகம். 1880 கணக்கெடுப்புக்குப் பிறகு ஹாமில்டன் முறையைச் சோதித்துப் பார்த்தபோது விசித்திரம் ஒன்று வெளிப்பட்டது. சபையில் 299 இடம் என்றால் அலபாமாவுக்கு 8, 300 இடம் என்றால் அலபாமாவுக்கு 7. மொத்தம் கூடுகிறது, ஒரு மாநிலத்தின் பங்கு குறைகிறது! 1941-இல் ஹன்டிங்டன்-ஹில்லுக்கும் வெப்ஸ்டர் முறை என்ற இன்னொரு பங்கீட்டு முறைக்கும் போட்டி வந்தபோது வித்தியாசம் ஒரே ஒரு இடம்தான். ஒன்றில் ஆர்கன்சாவுக்கு, மற்றதில் மிச்சிகனுக்கு. ஆர்கன்சா அன்று ஜனநாயகக் கட்சியின் கோட்டை, காங்கிரஸில் அந்தக் கட்சிக்கே பெரும்பான்மை. எந்த முறை சட்டமானது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

செந்தூரான் | ஞாயிறு, காலை 11:32

சபையைப் பெரிதாக்குவதில் எனக்கும் உடன்பாடு. என் வாதத்துக்கு அது எதிரல்ல. சிறிய மாநிலத்துக்கு ஒரு குறைந்தபட்சம் இருக்கட்டும், மக்களின் எடையும் கூடட்டும். ஆனால் தேர்வாளர் முறையையே எடுத்துவிட வேண்டும் என்பவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. நெருக்கமான தேர்தலில் நாடு முழுவதும் மறு எண்ணிக்கை என்றால் தாங்குமா? இப்போது சச்சரவு ஒரு மாநிலத்துக்குள் அடங்கிவிடுகிறது.

பூங்கோதை | ஞாயிறு, மதியம் 12:10

2000-இல் ஒரு மாநிலத்துக்குள் அடங்கிய சச்சரவு 36 நாள் நாட்டையே நிறுத்தி வைத்தது ஐயா. பத்துக் கோடிக்கு மேல் வாக்கு விழுந்த தேர்தலில் 5 லட்சம் வித்தியாசத்தை மறுபடி எண்ணச் சொல்லி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். 537-ஐத்தான் கேட்டார்கள். பிரித்துப் பிரித்து எண்ணும்போதுதான் நூலிழை வித்தியாசங்கள் பிறக்கின்றன.

எடுத்துவிடும் முயற்சியும் ஒருமுறை வாசல்வரை வந்தது. 1969 செப்டம்பரில் பிரதிநிதிகள் சபை 338-க்கு 70 என்று நேரடித் தேர்தல் திருத்தத்தை நிறைவேற்றியது. 1970-இல் செனட்டில் பேசிப் பேசியே அதை முடக்கினார்கள். இப்போது நடப்பது வேறு வழி. நாடு முழுவதும் அதிக வாக்கு பெற்றவருக்கே எங்கள் தேர்வாளர்கள் என்று மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. உறுப்பு மாநிலங்களின் தேர்வாளர் கூட்டு, பெரும்பான்மையான 270-ஐத் தொட்டால்தான் அது உயிர்பெறும். 2024-இல் மெய்ன் சேர்ந்தபோது 209.

பிளேனோவாசி | ஞாயிறு, மதியம் 2:40

எங்களை எண்ணுவது பற்றி இன்னொன்று. குடிமக்கள் அல்லாதவர்களை விட்டுவிட்டு எண்ண வேண்டும் என்று இங்கே பேச்சு அடிக்கடி வருகிறது. அது நடக்குமா? இரண்டாவது, எங்கள் பக்கம் 2020-இல் படிவம் வாங்க வந்த ஆளைப் பார்த்து நிறையப் பேர் கதவையே திறக்கவில்லை. விசா விவகாரத்தில் சிக்கல் வருமோ என்ற பயம். அப்படி விடுபட்டதால் டெக்சாஸுக்கு நஷ்டம் உண்டா?

பூங்கோதை | ஞாயிறு, மாலை 4:05

முதல் கேள்வி: 2020 ஜூலையில் டிரம்ப், ஆவணமில்லாதவர்களை இடப்பங்கீட்டுக் கணக்கிலிருந்து நீக்கும்படி உத்தரவிட்டார். உச்ச நீதிமன்றம் அந்த டிசம்பரில், இன்னும் நடக்காத ஒன்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று வழக்கைத் தள்ளியது. 2021 ஜனவரியில் பைடன் உத்தரவை ரத்து செய்தார். ஆக, அரசியல் சட்டம் அதை அனுமதிக்கிறதா என்ற கேள்விக்கு அந்த வழக்கில் விடை வரவில்லை. என்னைப் பொறுத்தவரை வாசகம் தெளிவு. ஆட்களை எண்ணு என்கிறது, அவ்வளவுதான். வரி கட்டுகிறீர்கள், உங்கள் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள், அந்தச் சாலையில் போகிறீர்கள். உங்களை இல்லாத ஆளாக்கும் கணக்கு எனக்கு ஐந்தில் மூன்றைத்தான் நினைவூட்டுகிறது.

இரண்டாவது கேள்விக்குக் கணக்கன் அண்ணா சொல்லட்டும்.

கணக்கன் | ஞாயிறு, மாலை 5:22

உண்டு தம்பி. கணக்கெடுப்புத் துறையே 2022 மே மாதம் தன் சரிபார்ப்பு ஆய்வை வெளியிட்டது. டெக்சாஸில் ஏறத்தாழ 1.9 சதவீதமும் ஃபுளோரிடாவில் 3.5 சதவீதமும் குறைவாக எண்ணப்பட்டிருந்தன. மினசோட்டாவிலும் நியூயார்க்கிலும் மூன்று சதவீதத்துக்கு மேல் அதிகமாக எண்ணப்பட்டிருந்தன. 89 பேரில் இடம் மாறிய கணக்கில் பிழை லட்சக்கணக்கில். ஆனாலும் முடிவை மாற்ற முடியாது. இடப்பங்கீட்டுக்கு மாதிரி ஆய்வு எண்களைப் பயன்படுத்தக்கூடாது என்று 1999-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. தலையை எண்ணியதுதான் கணக்கு. கதவைத் திறக்காத ஒவ்வொரு வீடும் பத்து வருடத்துக்கு எடையை இழக்கிறது. வாக்கில்லாத உங்களுக்கு அங்கே இருக்கும் ஒரே அரசியல் எடை அதுதான். 2020 படிவத்தில் குடியுரிமைக் கேள்வி இல்லை, தனிநபர் விவரத்தை மற்ற துறைகளுக்குக் கொடுப்பதும் சட்டப்படி குற்றம் என்பதைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள்.

மதுரைக்காரி | ஞாயிறு, இரவு 7:18

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. என் அக்கா குடும்பம் நியூஜெர்சியில் இருக்கு, குடியுரிமை வாங்கிட்டாங்க. வட கரோலினாவுக்கு மாறப்போறாங்களாம். அவங்க மாறினால் வட கரோலினாவின் கணக்கு எப்போ மாறும்?

கணக்கன் | ஞாயிறு, இரவு 7:50

அக்காவின் வாக்கு உடனே மாறும், அங்கே பதிவு செய்துகொண்டால் போதும். மாநிலத்தின் எடை மாறுவது தாமதம். கணக்கெடுப்பு நாள் 2030 ஏப்ரல் 1. அன்று வழக்கமாக எங்கே வசிக்கிறார்களோ அங்கே எண்ணப்படுவார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் எண்கள் ஜனாதிபதியிடம் போக வேண்டும். புதிய பங்கீட்டில் நடக்கும் முதல் ஜனாதிபதித் தேர்தல் 2032. 2028 பழைய கணக்கில்தான்: நியூஜெர்சிக்கு 14, வட கரோலினாவுக்கு 16.